பள்ளிச் செய்தியில் பருத்தி

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பூச்சி, உரம், பயிர்க் காப்பீடு பற்றியவை வழக்கம்போல நிறைய. அவற்றுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். இம்முறை ஊர்த் தொடக்கப் பள்ளியைப் பற்றி வந்த ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். 'வேளாண்மை அலுவலருக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை?' என்று நினைப்பவர்கள், முதல் கடிதத்தைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பெரம்பலூர் மாவட்டத்தில் மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் செய்யும் சிறு விவசாயி நான். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 34 பிள்ளைகள் படிக்கிறார்கள். தலைமை ஆசிரியை மாதம் ஒரு முறை 'பள்ளிச் செய்தி' என்று ஒரு தாள் எழுதி, பள்ளி வாசலிலும் டீக்கடைச் சுவரிலும் ஒட்டுவார். யாருக்குப் பிறந்த நாள், யார் நோட்டு வாங்கிக் கொடுத்தார்கள், கண் பரிசோதனை என்றைக்கு என்று நல்ல செய்திகளாகத்தான் இருக்கும். தை மாதத் தாளில், 'இம்மாதச் சராசரி வருகை 23. பருத்தி எடுப்பால் வருகை குறைந்தது' என்று எழுதிவிட்டார். 'பிள்ளையை வேலைக்கு விடும் ஊர் என்று எழுதி மானத்தை வாங்கிவிட்டார்' என்று பேச்சாகி, டீக்கடைத் தாளைக் கிழித்துவிட்டார்கள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். என் மகனும் ஒரு வாரம் போகவில்லை. ஆள் கிடைக்காத நேரத்தில் ஒரு வாரம் நிறுத்தியது அவ்வளவு பெரிய குற்றமா? அவர் அப்படி எழுதியதுதான் சரியா?

பதில்: ஐயா, முதலில் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் எந்த வீட்டின் பெயரும் இல்லை, எந்தப் பிள்ளையின் பெயரும் இல்லை. இருப்பது ஓர் எண்ணும் அதற்கான காரணமும்தான். உங்கள் ஊர் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்திருக்கிறது என்று நாங்கள் அறிவிப்பு ஒட்டினால் அதைக் கிழிப்பீர்களா? எந்தக் கொல்லையில் எத்தனை செடிக்கு வந்திருக்கிறது என்று போய்ப் பார்ப்பீர்கள். இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆசிரியை எழுதியது சரி. என்னைக் கேட்டால், அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்: 'பருத்தி எடுப்பு எப்போது முடியும், அதுவரை என்ன செய்யலாம் என்று இந்த வெள்ளிக்கிழமை பேசுவோம், வாருங்கள்' என்று.

சின்னப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அது பயிர்க் காலண்டர் மாதிரியே இருக்கும். சின்ன வெங்காயம் பிடுங்கித் தாள் அரியும் வாரத்தில் ஒரு பள்ளம், மக்காச்சோளக் கதிர் ஒடிக்கும்போது இன்னொரு பள்ளம், தையிலும் மாசியிலும் பருத்தி வெடித்து நிற்கும்போது எல்லாவற்றையும் விட ஆழமான பள்ளம். கரும்பு வெட்டப் போகும் குடும்பங்கள் உள்ள ஊரில் மாதக்கணக்கில் இருக்கை காலியாகக் கிடக்கும். இது பெற்றோருக்கு அக்கறை இல்லாததால் வருவதில்லை. எல்லாக் கொல்லையிலும் ஒரே வாரத்தில் வேலை வந்து, கை போதாமல் போவதால் வருவது. காரணம் அதுவென்றால் மருந்தும் கொல்லையில்தான் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 34 பேரில் சராசரி 23 பேர் வந்தால், தினமும் 11 இடம் காலி. மாதத்தில் 20 பள்ளி நாள் என்று வைத்துக்கொண்டால் 220 நாள் படிப்பு போயிற்று. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு ஓர் ஆண்டுக்கு வைத்திருக்கும் வேலை நாளே 200தான். அப்படியானால், உங்கள் ஊர் ஒரே மாதத்தில் ஒரு பிள்ளையின் முழு ஆண்டுப் படிப்புக்கும் மேலாகப் பருத்திக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு வாரம் என்று பார்த்தால் சிறியதாகத் தெரிவது, ஊர்க் கணக்கில் இப்படிப் பெருகிவிடுகிறது.

இனி வரவு என்ன என்று பார்ப்போம். ஒன்பது வயதுப் பையன் நாள் முழுக்க நின்று 8 கிலோ எடுக்கிறான், கிலோவுக்கு 12 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுக்கொள்ளுங்கள்). 96 ரூபாய் மிச்சம். பள்ளிக்குப் போயிருந்தால் காலையும் மதியமும் அங்கே சாப்பிட்டிருப்பான். அந்த இரண்டு வேளையை இதில் கழியுங்கள். பிறகு பருத்தியின் தரத்தைப் பாருங்கள். சிறு பிள்ளைகள் எடுக்கும் பருத்தியில் சருகும் பூவிதழும் ஒட்டியிருக்கும். சரியாக வெடிக்காத காயையும் பிய்த்துப் போட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, செடி அவர்கள் தலை உயரத்துக்கு நிற்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் கேட்க வரும் வியாபாரி கையை விட்டுக் கிளறிப் பார்த்ததும், அந்தச் சருகுக்காகவே விலையைக் குறைத்துத்தான் கேட்பார். மொத்தக் குவியலுக்கும் சேர்த்து விழும் அந்த வெட்டு, பையன் மிச்சம் பிடித்த கூலியைவிட அதிகமாக இருக்கலாம்.

சரி, ஆளுக்கு எங்கே போவது? நான் பார்த்த ஊர்களில் ஓரளவு பலித்தவற்றைச் சொல்கிறேன்.

பருத்தியைக் காலை 10, 11 மணிக்குள் எடுத்துவிடுவதுதான் நல்லது. பனி ஈரம் இருக்கும்போது சருகு நொறுங்காது, சுளையில் ஒட்டாது. வெயில் ஏறிய பிறகு எடுத்தால் சருகு பொடிந்து பஞ்சில் ஏறிக்கொள்ளும். எடுத்த பருத்தியை நிழலில் பரப்பி ஈரம் போகவிட்டு, கறை பட்டதையும் பூச்சி அரித்ததையும் கொட்டுப் பருத்தி என்று தனியே பிரித்து வையுங்கள். இப்படிக் காலை வேலையாக வைத்துக்கொண்டால், ஒரு நாளில் ஒரு கொல்லை என்று முறை போட்டு, நான்கைந்து வீடுகள் மாற்றாள் முறையில் எடுக்கலாம். ஏழு நாளைக்கு ஒரு முறை எடுத்தால் போதும் என்பதால், ஆறு வீடு சேர்ந்தால் திங்கள் முதல் சனி வரை ஆளுக்கு ஒரு நாள். கூலி கையிலிருந்து போகாது, பிள்ளையும் தேவைப்படாது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எல்லாரும் ஒரே நாளில் விதைத்திருக்கக் கூடாது. மானாவாரியில் மழை பெய்த அன்றுதான் விதைக்க முடியும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் வயது வித்தியாசமுள்ள இரண்டு ரகங்களைப் பிரித்துப் போட்டால், எடுப்பு ஒரே வாரத்தில் குவியாது. அடுத்த ஆடியில் விதை வாங்கும் முன் அந்த நான்கைந்து வீடும் உட்கார்ந்து பேசுங்கள். பேச வேண்டிய நேரம் அதுதான், தை மாதம் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டது. 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலிக்கு வைப்பது எந்த வேலைக்கும் கூடாது. வைப்பவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்தக் குடும்பத்துக்குப் பிள்ளை உதவலாம், ஆனால் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் மட்டும். அதுவும் ஆபத்தில்லாத வேலைக்கு மட்டும். சனிக்கிழமை காலை அப்பாவோடு கொல்லைக்கு வந்து மடியில் கொஞ்சம் பருத்தி எடுப்பதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. அதுவும் ஒரு படிப்புதான், பள்ளிக்கூடத்தில் அது கிடைக்காது. செவ்வாய்க்கிழமை காலை எடுப்பதுதான் தவறு. மருந்து அடிக்கும் இடத்துக்கு எந்தக் கிழமையிலும் வரக் கூடாது.

நீங்கள் குழுவில் இருப்பதால் உங்களுக்கென்று இரண்டு வேலை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டம் பிற்பகலில் வைத்தால், கொல்லையில் நிற்கும் அந்தப் பெண்கள் எப்படி வருவார்கள்? கையெழுத்து வாங்குவதற்கு வீட்டுக்கு நோட்டு வருவதோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. தையிலும் மாசியிலும் மட்டுமாவது எல்லாரும் வீடு திரும்பிய பிறகு பேசலாமா என்று தலைமை ஆசிரியையிடம் கேளுங்கள். அவருக்கும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருக்கும், அதையும் விசாரித்துக்கொண்டு கேளுங்கள்.

இரண்டாவது, அந்தச் செய்தித் தாளை விவசாயிகள் தேடிப் படிக்கும் தாளாக்க உதவுங்கள். ஊரில் பெய்த மழை எத்தனை மில்லிமீட்டர் என்று பிள்ளைகள் அளந்து எழுதட்டும். விற்பனைக் கூடத்தில் அந்த வாரம் பருத்தி என்ன விலைக்குப் போனது என்று நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதட்டும். மழையும் விலையும் இருக்கும் தாளை எந்த டீக்கடையிலும் யாரும் கிழிக்க மாட்டார்கள். அதே தாளில் வருகை எண்ணும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: எனக்கு ஐந்தாம் வகுப்பு படிக்கும் பெண்ணும், ஒன்றரை வயதுப் பையனும் இருக்கிறார்கள். கூலிக்குப் பருத்தி எடுக்கப் போகிறேன். பெண் பருத்தி எடுப்பதில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ளத்தான் நிறுத்துகிறேன். அதையும் வேலைக்கு அனுப்பியதாகத்தான் ஊரில் பேசுகிறார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பெயர் போட வேண்டாம்.

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வராமல் இருந்திருந்தால் முதல் கடிதத்துக்கு நான் எழுதிய பதில் அரைகுறையாக இருந்திருக்கும். பருத்திக் காலத்தில் நின்றுவிடும் பெண் பிள்ளைகளில் பலர் கொல்லைக்கே போவதில்லை. தூளி ஆட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். பதிவேட்டில் அது 'விடுப்பு' என்ற ஒரே சொல்லாகத்தான் விழும்.

அங்கன்வாடியில் இரண்டு வயது ஆன பிறகுதான் பிள்ளையை விட்டுவிட்டு வர முடியும். உங்கள் மகனுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. ஆனாலும் அங்கன்வாடிப் பணியாளரைப் போய்ப் பாருங்கள். சத்து மாவு, எடை பார்ப்பது, தடுப்பூசி எல்லாவற்றுக்கும் அவனுக்கு அங்கே பதிவு இருக்க வேண்டும். இரண்டு வயது ஆன நாளிலேயே சேர்த்துவிடலாம்.

அந்த ஆறு மாதத்துக்கு ஒரு யோசனை. நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு எழுதப்பட்டிருந்தது. வேலையிடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவர் அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கூலி. பருத்தி எடுப்பிலும் இதைச் செய்யலாம். எட்டுப் பெண்கள் போகும் குழுவில் முதுகு வலியால் குனிந்து நிமிர முடியாத ஒரு பாட்டி கண்டிப்பாக இருப்பார். ஆளுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ கூலியை அவருக்கு ஒதுக்கினால், வேப்ப மர நிழலில் நான்கு பிள்ளைகளையும் அவர் பார்த்துக்கொள்வார். கொல்லைக்காரர் தண்ணீர்க் குடமும் தூளி கட்டக் கயிறும் கொடுத்தால் போதும். கிணற்றிலிருந்து தள்ளி இடம் பாருங்கள். நம் பக்கத்துக் கொல்லைக் கிணறுகளில் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவரே கிடையாது. மூடாமல் விட்ட ஆழ்துளைக் கிணறு அருகில் எங்காவது இருந்தால், பிள்ளையை இறக்கும் முன் அதை மூடச் சொல்லுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் பெண் காலை உணவு நேரத்துக்கே பள்ளிக்குப் போய்விடட்டும். அந்தத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் ஊர்ப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. அதனால் பருத்தி எடுக்கும் வீட்டுக்கு உண்டான பெரிய உதவி சாப்பாடு மட்டுமல்ல. விடியற்காலையில் அடுப்பு மூட்டாமல் அம்மா ஆறு மணிக்கே கொல்லைக்குக் கிளம்ப முடிகிறது. ஐந்தாம் வகுப்பு முடித்து நடுநிலைப் பள்ளிக்குப் போக வேண்டிய ஆண்டு இது. இந்த மாதங்களில் விட்டுப்போன படிப்பு ஆறாம் வகுப்பில்தான் தெரியும். 'அவளுக்குப் படிப்பு ஏறவில்லை' என்று அப்போது சொல்லுவார்கள். தயவுசெய்து நாளையே அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிச் சுவரை ஒட்டி ஒருவர் கத்தரி பயிரிட்டிருக்கிறார். வாரம் ஒரு முறை மருந்து அடிக்கிறார். பிள்ளைகள் மதியம் சாப்பிடும்போது வாடை வருகிறது. கேட்டால், 'என் கொல்லை, என் பயிர்' என்கிறார். இன்னொன்று, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் மொள்ள வைத்திருப்பது பழைய மருந்து கேனை அறுத்த டப்பா. கழுவித்தான் வைத்திருக்கிறார்கள். பரவாயில்லையா?

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இன்றைக்கே அந்த டப்பாவை எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. மருந்து கலக்கும்போதே காலிக் கேனை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட வேண்டும். பிறகு கேனில் ஓட்டை போட்டு, கிணறு, வாய்க்காலிலிருந்து விலகிய இடத்தில் ஆழமாகப் புதைக்க வேண்டும். ஓட்டை போடச் சொல்வதே, யாரும் அதைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காகத்தான். நாற்பது ரூபாய் மக்கு ஒன்றை வாங்கி வைக்க ஊரில் ஆள் இல்லாமலா போய்விட்டது?

கத்தரிக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்கலாம். குழு சார்பில் இரண்டு பேர் போய் இதைச் சொல்லுங்கள். மருந்து அடிப்பதை மாலை பள்ளி விட்ட பிறகோ, சனி ஞாயிறிலோ வைத்துக்கொள்ளட்டும். காற்று பள்ளிப் பக்கம் வீசும்போது அடிக்கக் கூடாது. சுவரோரமாக இரண்டு வரிசை மக்காச்சோளமோ அகத்தியோ நெருக்கமாகப் போட்டால் சாரல் கொஞ்சம் தடுக்கப்படும். சுவரை ஒட்டிய நான்கைந்து வரிசைக்கு மருந்தே வேண்டாம், 5 சத வேப்பங்கொட்டைச் சாறு அடித்தால் போதும். 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி அடிக்க வேண்டும்.

அவர் வாரம் தவறாமல் அடிப்பது தண்டு, காய்த் துளைப்பானுக்காகத்தான் இருக்கும். அந்தப் புழு தண்டுக்கும் காய்க்கும் உள்ளே இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதற்கு எட்டுவதில்லை. வாடித் தொங்கும் நுனித் தண்டுகளை வாரம் இரண்டு முறை கிள்ளி, ஓட்டை விழுந்த காய்களையும் பொறுக்கி, புழுவோடு அழிக்கச் சொல்லுங்கள். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைக்கட்டும். செலவு குறையும் என்று சொல்லிப் பாருங்கள், பள்ளியைச் சொன்னதற்குக் கேட்காதவர் அதற்குக் கேட்பார்.

எந்தப் பிள்ளை மேலாவது மருந்து பட்டால் உடனே உடுப்பைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108 க்குச் சொல்லிவிட்டு, மருந்துப் புட்டியையோ அதன் மேல் சீட்டையோ கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான மாற்று மருந்து கொடுக்க முடியும்.

கேள்வி: நான் படித்த தொடக்கப் பள்ளியின் ஆண்டு விழா வருகிறது. பழைய மாணவர்கள் சேர்ந்து 100 மரக்கன்று நடலாம் என்று இருக்கிறோம். 5 சென்ட் காலி இடம் இருக்கிறது. என்ன கன்று வாங்கலாம்?

பதில்: நூறு வேண்டாம், எட்டு வாங்குங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். பங்குனியில் நட்டு, சித்திரையில் பள்ளி மூடி, வைகாசியில் ஆடு கடித்து, ஆனியில் பள்ளி திறக்கும்போது குச்சி மட்டும் நிற்கும் கன்றுகளை நிறையவே பார்த்திருக்கிறேன். 5 சென்டில் நூறு மரத்துக்கு இடமும் கிடையாது. விழாவில் வேலிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பணம் கொடுங்கள். கன்றை ஆடிக்கு மேல் மழை பார்த்து நடலாம்.

மேற்குப் பக்கம் இரண்டு வேம்பு, ஒரு புங்கன். பிற்பகல் வெயில் வகுப்பறைச் சுவரில் விழாது. மீதி ஐந்தும் சத்துணவுச் சமையலுக்கு: முருங்கை இரண்டு, கறிவேப்பிலை இரண்டு, ஒரு பப்பாளிக் குழி. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 முருங்கை விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கும். 75 செ.மீ. வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், காய்ப்பு முடிந்ததும் 90 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுங்கள். பள்ளியில் இது முக்கியம், முருங்கைக் கிளை எளிதில் முறியும், ஏறாதே என்று சொல்லிப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். கம்பளிப்பூச்சி வரும் மரம் என்பதால் நடைபாதைக்கும் வகுப்பறைக்கும் தள்ளி வையுங்கள். பப்பாளியை ஒரு குழியில் இரண்டு மூன்று கன்றாக நட்டு, பூத்த பிறகு ஆண் மரத்தை எடுத்துவிட்டு ஒன்றை நிறுத்துங்கள்.

தண்ணீருக்குக் கவலை வேண்டாம். ஒரு பிள்ளை தட்டும் கையும் கழுவ 2 லிட்டர் என்றால், 34 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் இரண்டு வேளைக்கு 136 லிட்டர் தினமும் வீணாகப் போகிறது. அந்தத் தண்ணீர் போகும் பாதையில் இரண்டு வாழையும் கொஞ்சம் சிறுகீரையும் போடலாம். மே மாதத்துக்குத்தான் ஆள் பார்க்க வேண்டும். பள்ளிக்குப் பக்கத்து வீட்டில் ஒருவரிடம் இப்போதே சொல்லி, காய்ப்பில் பங்கு என்று பேசிவிடுங்கள். சும்மா ஊற்றச் சொன்னால் பத்து நாள் ஊற்றுவார்.

வேலிக்குக் காட்டாமணக்கு வைக்காதீர்கள். ஆடு தொடாது என்று பலர் வைக்கிறார்கள். அதன் கொட்டை நிலக்கடலை போல ருசிக்கும், தின்ற பிள்ளைகள் வகுப்பு முழுக்க வாந்தியும் பேதியுமாக மருத்துவமனைக்குப் போன செய்தி அடிக்கடி வருகிறது. அரளியும் வேண்டாம். ஆடு நுழையாமல் இருக்கக் கிளுவைப் போத்து நட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளியில் மழை அளக்கிறோம். ஐப்பசியில் ஒரு நாள் எங்கள் பள்ளியில் 14 மில்லிமீட்டர். அன்றைக்கு எங்கள் மாமா ஊரில் மழையே இல்லையாம். மூன்று கிலோமீட்டர்தான். எங்கள் அளவு தப்பா?

பதில்: தப்பாக இருக்க வேண்டியதில்லை கண்ணு. இடி மழை ஒரு ஊரில் கொட்டிவிட்டு அடுத்த ஊரைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் ஊருக்கு ஊர் அளக்க வேண்டும் என்கிறோம். பாத்திரம் மட்டும் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கம் நேராக உள்ள டப்பாவாக இருக்க வேண்டும், குடம் மாதிரி குறுகினால் கணக்கு மாறிவிடும். மரத்தடியிலோ சுவரோரமோ வைக்கக் கூடாது. மரம் எத்தனை உயரமோ அதைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். தரையிலிருந்து வாய் ஓர் அடி உயரத்தில் இருந்தால் சேறு தெறித்து விழாது. தினமும் காலை எட்டரை மணிக்கு, உங்கள் காலைச் சாப்பாட்டு நேரத்தில், ஸ்கேலை உள்ளே நேராக நிறுத்திப் பாருங்கள். மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும். சனி ஞாயிறுக்குப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்க்கட்டும்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அன்றைக்கு உங்கள் ஊரில் ஓர் ஏக்கரில் எத்தனை லிட்டர் விழுந்தது என்று நீயே பெருக்கிப் பார்த்து, அடுத்த பள்ளிச் செய்தியில் எழுது. சுமார் 57,000 வர வேண்டும். வரவில்லை என்றால் எனக்கு எழுது.